பச்சையும் உலர்ந்ததும்: நம் அடுக்களையின் வாசனை இலைகள்

இஞ்சி உலர்ந்தால் தமிழில் அதன் பெயரே மாறிவிடுகிறது, சுக்கு என்கிறோம். அரபு மொழியில் இரண்டிற்கும் ஸன்ஜபீல் என்பதே பெயர். ‘ரத்ப்’ (ஈரமானது), ‘யாபிஸ்’ (உலர்ந்தது) என்னும் அடைமொழிகளைச் சேர்த்து வேறுபடுத்துவர். இவ்விரு சொற்களும் ஸூரத்துல் அன்ஆம் 59ஆம் வசனத்தில் இணையாக வருவதை வாசகர்கள் அறிவர். வழி வேறாயினும் இரு மொழிகளும் உணர்த்துவது ஒன்றே: பச்சையானதும் உலர்ந்ததும் ஒன்றுக்கொன்று பதிலி அல்ல, அவை இரு வேறு பொருள்கள்.

இஞ்சி விஷயத்தில் நாம் பேணிவரும் இந்த வேறுபாட்டை இலைகள் விஷயத்தில் பேணுவதில்லை. வாடத் தொடங்கிய புதினாக் கட்டு குப்பைக்குப் போகிறது. புதினா கிடைக்காத நாளில் பொட்டல மசாலா அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எந்த இலையை உலர்த்தலாம், எதனை உலர்த்தலாகாது, உலர்ந்ததை எப்போது இடவேண்டும் என்னும் அறிவு அடுப்படியிலிருந்து நழுவி வருகிறது.

பக்தாத் தந்த பாடம்

முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்-பக்தாதி என்பார் ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலைத் தொகுத்தார். அப்பாஸியர் ஆட்சியின் இறுதிக் காலத்து பக்தாதின் உணவுப் பழக்கங்களை நமக்குக் காட்டும் ஏடு அது. உலர்ந்த கொத்தமல்லி வேறு, பச்சைக் கொத்தமல்லி வேறு என்றே அந்நூல் கொள்கிறது. உலர்ந்த கொத்தமல்லி என்பது நாம் தனியா என வழங்கும் விதை. சில உணவுகளில், சமையல் நிறைவுறும் தறுவாயில் உலர்ந்த புதினாவைக் கையால் கசக்கிச் சட்டியின்மேல் தூவும் முறையும் அதில் உண்டு.

இம்முறை இன்றும் வழக்கிறந்து போகவில்லை. ஈரானியர் ‘ஆஷ்’ என்னும் கெட்டியான கீரைக் கஞ்சியின்மேல், எண்ணெயில் பொரித்த உலர் புதினாவை ஊற்றுகின்றனர். துருக்கியர் வெண்ணெயில் உலர் புதினாவைச் சூடாக்கித் தயிர்க் கஞ்சியில் சேர்க்கின்றனர். புதினா என்னும் பெயரே பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்தது. பெயரை ஏற்றுக்கொண்ட நாம், உலர்த்திப் பயன்கொள்ளும் முறையை ஏற்றுக்கொள்ளவில்லை.

இலைக்கு இலை இயல்பு வேறு

புதினாவின் மணம் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாகத் தங்கியிருக்கிறது. இலை பதமாக உலரும்போது அச்சுரப்பிகள் பெரும்பாலும் சிதைவதில்லை, கசக்கும்போதுதான் உடைகின்றன. ஆகவே உலர் புதினாவை முழு இலையாகவே சேமித்து, சமைக்கும் நேரத்தில் மட்டும் நொறுக்குதல் வேண்டும். முன்னரே பொடித்து வைப்பவர் மணத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்.

கொத்தமல்லித் தழை இதற்கு நேர்மாறானது. அதன் மணத்திற்குக் காரணமான ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள் உலர்த்தும்போது பெரிதும் அகன்றுவிடுகின்றன. எஞ்சுவது வைக்கோல் வாசனையே. விதையான தனியாவின் மணமோ லினலூல் என்னும் வேறொரு சேர்மத்தால் அமைந்தது. எனவே தழையின் வேலையைத் தனியா செய்யாது. கொத்தமல்லித் தழையைப் பச்சையாக மட்டுமே கொள்ளவேண்டும்.

வெந்தயக்கீரை (அரபியில் ஹுல்பா) உலர உலர மணம் செறிந்து கசப்பு இனிமையாகிறது. இன்று பாகிஸ்தானிலுள்ள கஸூர் நகரின் பெயரால் ‘கஸூரி மேத்தி’ என அது புகழ்பெற்றதும் இதனால்தான். கறிவேப்பிலை இவற்றிற்கு இடைப்பட்டது. உலர்ந்தால் மணத்தின் ஒரு பகுதியை இழக்கும், எனினும் பொடி வகைகளுக்கு உதவும். பிரியாணியில் இடும் பிரிஞ்சி இலை உலர்ந்த நிலையிலேயே நம்மிடம் வருகிறது. அரபு மருத்துவ நூலார் ‘ஸாதஜ் ஹிந்தி’ எனக் குறித்த இந்திய இலை அதுவே.

இடும் காலம்

உலர்ந்த இலை முன்னே, பச்சை இலை பின்னே என்பது பொது விதி. உலர்ந்த இலைக்கு ஈரமும் கொழுப்பும் வெப்பமும் சிறிது நேரம் கிடைத்தால்தான் அதன் மணம் வெளிப்படும். பச்சை இலையின் மணமோ கொதியில் ஆவியாகிப் போகும். கறிவேப்பிலை இவ்விதிக்கு விலக்கு. பச்சையாயினும் அது சூடான எண்ணெயில்தான் தன் மணத்தை விடும். அளவைப் பொறுத்தவரை, நறுக்கிய பச்சை இலை மூன்று கரண்டி வேண்டிய இடத்தில் உலர்ந்தது ஒரு கரண்டி போதும்.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்த்துக் காய்ச்சும்போது, தாளிப்பிலேயே புதினா முழுவதையும் இட்டுவிடுவது பலரின் வழக்கம். அஸர் நேரத்தில் தேக்சாவைத் திறக்கையில் நிறம் கறுத்து மணம் மங்கியிருப்பதற்குக் காரணம் அதுவே. பாதியைத் தாளிப்பில் இட்டு, மீதியைக் கொத்தமல்லித் தழையுடன் இறக்கும்போது தூவினால் கஞ்சி இரு வகை மணமும் பெறும். பிரியாணியிலும் ஒரு பங்கை மசாலாவில் வதக்கி, மறு பங்கைத் தம் போடுமுன் தூவுவதன் நுட்பம் இதுதான். தாளிச்சாவில் உலர் வெந்தயக்கீரை சேர்ப்போர், பருப்பு கொதிக்கும்போதே அதனைச் சேர்த்துவிடுதல் நன்று.

வடசென்னையில் உலர்த்துதல்

இலையை மொட்டைமாடியில் உலர்த்தும் பழக்கத்தை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வாழ் மக்கள் தயங்காமல் கைவிட வேண்டும் என்பது நம் கருத்து. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசு இராயபுரத்து வீடுகளில் நெடுங்காலம் படிந்துவந்தது. 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் அங்கு நிலக்கரி கையாள்வது நின்று, எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாறியது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டதாயினும், அப்பகுதியில் நிலக்கரியும் சாம்பலும் ஓய்ந்துவிடவில்லை. பச்சை இலையில் தூசு படிந்தால் கழுவலாம். உலர்ந்த இலையைக் கழுவ இயலாது. அதில் படிந்தது அப்படியே சட்டிக்குள் செல்லும்.

ஆகவே உலர்த்துவது வீட்டுக்குள் நிகழட்டும். இலைகளை ஒரு பாத்திர நீரில் அலசி, நீரைச் சாய்க்காமல் இலைகளை மட்டும் மேலே அள்ளி எடுத்தால் மண் அடியில் தங்கிவிடும். இரண்டு மூன்று முறை நீரை மாற்றி அலசியபின் துணியில் ஈரத்தை ஒற்றி, இலைகளைக் காம்பினின்று கிள்ளி, முறத்தில் பருத்தித் துணியை விரித்து ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். நேர் வெயில் நிறத்தையும் மணத்தையும் கெடுக்குமாதலால் நிழலும் மின்விசிறிக் காற்றுமே போதும். கடற்கரைக் காற்றின் ஈரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாள் ஆகலாம். விரலிடையில் சரசரவென நொறுங்குவதே பதம். துவண்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்டதை முழுவதும் எறிந்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் இம்முயற்சி வேண்டாம்.

உலர்ந்ததைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, அடுப்பிற்கு மேலுள்ள அலமாரியைத் தவிர்த்து, இருளான இடத்தில் வைத்தால் ஆறு மாதம் மணம் நிற்கும்.

வீணாக்காமை நம் மார்க்கம் கற்பித்த பண்பு. வாடும்வரை விட்டுவைக்காமல், வாங்கிய அன்றே புதினாவில் பாதியை உலர்த்தவும், கொத்தமல்லியைப் பச்சையாகவே தீர்த்துவிடவும் அறிந்த வீட்டில், அப்பண்பு உபதேசமாக நிற்காமல் அன்றாடச் செயலாகிறது.