தாவர உருவவியல் கலைச்சொற்கள்

தாவர உருவவியல் கலைச்சொற்கள் என்பன ஒரு தாவரத்தின் வேர், தண்டு, இலை, பூ, கனி ஆகிய உறுப்புகளின் வடிவம், அமைப்பு, அமைவிடம் ஆகியவற்றைக் குழப்பமின்றி விவரிப்பதற்குத் தாவரவியலில் பயன்படும் சொற்கள் ஆகும். ஒரு தாவரத்தை நேரில் காணாதவரும் விவரிப்பைப் படித்தே அதனை இனங்காண இயல வேண்டும் என்பதே இச்சொற்களின் நோக்கம். இதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள் வரையறுக்கப்படுகின்றது. அன்றாட வழக்கில் உள்ள இலை, தண்டு, முள், பூ, பழம் போன்ற சொற்களும் கலைச்சொற்களாக வரும்பொழுது பொருளில் சற்று வேறுபடுகின்றன.

இக்கட்டுரையில் தரப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தாம்பரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் முதலிய சென்னையின் தென்புறப் பகுதிகளின் புதர்க்காடுகளிலும் ஏரிகளிலும் சாலையோரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் காணக்கூடிய தாவரங்கள் ஆகும்.

வரலாறு

சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கரோலசு இலின்னேயசு 1751 ஆம் ஆண்டு வெளியிட்ட தாவரவியல் மெய்யியல் நூலில் உறுப்புகளுக்கான இலத்தீன் சொற்களை வரையறை செய்தார். 1753 இல் வெளிவந்த அவரது தாவர இனங்கள் நூல் இச்சொற்களைக் கொண்டே இனங்களைச் சுருக்கமாக வேறுபடுத்தியது. பின்னர் வந்த ஐரோப்பியத் தாவர நூல்கள் இம்முறையைப் பின்பற்றின.

சென்னைப் பகுதித் தாவரங்களைப் பற்றிய முதன்மையான நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. கேம்பிள் தொடங்கி, பின்னர் ஃபிசரால் நிறைவு செய்யப்பட்ட சென்னை மாகாணத் தாவரங்கள் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. சென்னை நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிய மயூரநாதனின் நூலை 1929 இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தபின் அதன் புதர்க்காட்டு வளாகம் தாவரவியல் களப்பயிற்சிக்கு ஏற்ற இடமாக அமைந்தது. தமிழ்வழியில் பயில்வோர் இத்தகைய நூல்களைப் பயன்படுத்த, இணையான தமிழ்க் கலைச்சொற்கள் தேவைப்பட்டன.

பழந்தமிழ்ச் சொற்கள்

தாவர உறுப்புகளுக்குத் தமிழில் தொன்மையான சொற்றொகுதி உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வன்மையானவற்றைப் புல் எனவும் உட்புறம் வன்மையானவற்றை மரம் எனவும் பகுக்கின்றது. இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேரும். இப்பகுப்பு இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரப் பகுப்பைப் பெரிதும் ஒத்துள்ளது. தோடு, மடல், ஓலை, ஏடு, பாளை, ஈர்க்கு, குலை முதலியன புல்லுக்கும், இலை, முறி, தளிர், சினை, குழை, அரும்பு, நனை முதலியன மரத்திற்கும் உரிய சொற்களாக அங்கு கூறப்படுகின்றன.

தேவநேயப் பாவாணர் சொல்லாய்வுக் கட்டுரைகள் நூலிலுள்ள தமிழ்ச்சொல் வளம் என்னும் கட்டுரையில் இத்தகைய சொற்களைத் தொகுத்துள்ளார். அவற்றுட் சில:

* அடிப்பகுதி: நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்திற்குத் தட்டை, கரும்பிற்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, வேம்பிற்கு அடி
* இலை: புளிக்கும் வேம்பிற்கும் இலை, நெல்லுக்குத் தாள், சோளத்திற்குத் தோகை, தென்னைக்கு ஓலை
* பிஞ்சு: மாவிற்கு வடு, பலாவிற்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல்

இச்சொற்களில் பெரும்பாலானவை இன்ன பயிருக்கு உரியவை என்ற அடிப்படையில் அமைந்தவை. ஓலை என்றவுடன் தென்னையோ பனையோ நினைவிற்கு வரும். ஆனால் அறிவியல் விவரிப்பில் பயிரின் பெயர் தெரியாத நிலையில் வடிவத்தை மட்டும் கூறியாக வேண்டும். எனவே எல்லாத் தாவரங்களுக்கும் பொதுவான, வடிவத்தைச் சுட்டும் சொற்கள் தனியே உருவாக்கப்பட்டன. வளமான சொற்றொகுதி இருந்தும் புதிய கலைச்சொற்கள் தேவைப்பட்டமைக்கு இதுவே காரணமாகும்.

தண்டு

இலை தோன்றும் இடம் கணு எனவும், இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி கணுவிடை எனவும் அழைக்கப்படும். கணுக்களும் மொட்டுகளும் இருப்பது தண்டின் அடையாளம் ஆகும். இதன்படி மண்ணிற்கு அடியில் விளைந்தாலும் உருளைக்கிழங்கு ஒரு தண்டு. அதன் கண்கள் மொட்டுகள். சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பச்சைப் பகுதியும் தண்டே. இது இலைத்தொழில் தண்டு எனப்படும்.

வாழையில் நிமிர்ந்து நிற்கும் பகுதி, இலையடிகள் ஒன்றையொன்று சூழ்ந்து உருவான பொய்த்தண்டு ஆகும். உண்மைத் தண்டு நிலத்தடிக் கிழங்காக உள்ளது. சமையலுக்குப் பயன்படும் வாழைத்தண்டு, கிழங்கிலிருந்து பொய்த்தண்டின் நடுவே மேலெழும் பூக்காம்பு ஆகும்.

இலை

இலையானது இலையடி, இலைக்காம்பு, இலைப்பரப்பு என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. இலைக்கும் தண்டிற்கும் இடைப்பட்ட கோணம் இலைக்கோணம் ஆகும். அங்கு அமைந்த மொட்டு கோணமொட்டு எனப்படும்.

இலை வடிவங்கள்:

* நேர்கோட்டு வடிவம் – நெல்
* ஈட்டி வடிவம் – அரளி
* தலைகீழ் முட்டை வடிவம் – நாட்டு வாதாம்
* இதய வடிவம் – அரசு, பூவரசு, வெற்றிலை
* சிறுநீரக வடிவம் – வல்லாரை
* அம்பு வடிவம் – வள்ளைக்கீரை
* கேடய வடிவம் – தாமரை

கேடய வடிவ இலையில் காம்பு இலையின் விளிம்பில் இணையாமல் அடிப்பரப்பின் நடுவில் இணைகின்றது. ஏரியில் பூ இல்லாத காலத்திலும் தாமரையையும் அல்லியையும் இதனால் பிரித்தறியலாம். தாமரை இலை பிளவில்லாத வட்டமாக இருக்கும். அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பை நோக்கி ஒரு பிளவு காணப்படும்.

விளிம்பு பிளவோ பற்களோ இன்றி இருப்பின் முழுமையானது (எருக்கு), ரம்பப் பற்களுடன் இருப்பின் ரம்ப விளிம்பு (செம்பருத்தி), வளைந்து வளைந்து செல்லின் அலை விளிம்பு (நெட்டிலிங்கம்), முட்களுடன் இருப்பின் முள் விளிம்பு (பிரம்மதண்டு) எனப்படும்.

ஒரு கணுவில் ஓர் இலை தோன்றுவது மாற்றிலை அடுக்கம் (செம்பருத்தி), எதிரெதிரே இரண்டு தோன்றுவது எதிரிலை அடுக்கம் (எருக்கு, நுணா), இரண்டிற்கு மேற்பட்டவை தோன்றுவது வட்ட இலை அடுக்கம் (அரளி, ஏழிலைப்பாலை) ஆகும்.

தனி இலையும் கூட்டிலையும்

இலைப்பரப்பு ஒன்றாகவே இருப்பின் அது தனி இலை. பல சிற்றிலைகளாக முற்றும் பிரிந்திருப்பின் அது கூட்டிலை. வேம்பின் ஒரு முழுக் கொத்தே தாவரவியலில் ஓர் இலை ஆகும். வழக்கில் வேப்பிலை எனப்படுவது அதன் சிற்றிலை. வேம்பைப் போல் நடு அச்சின் இருபுறமும் சிற்றிலைகள் அமைவது சிறகுக் கூட்டிலை. வாகையில் அச்சு மீண்டும் கிளைப்பதால் அது இருமடிச் சிறகுக் கூட்டிலை. நொச்சியில் சிற்றிலைகள் காம்பின் நுனியில் விரல்கள் போல் விரிவதால் அது அங்கைக் கூட்டிலை.

கூட்டிலையையும் தனி இலைகளைக் கொண்ட கிளையையும் பிரித்தறிய ஒரு விதி உண்டு. கோணமொட்டோ பூவோ இலையின் கோணத்தில் தோன்றும். சிற்றிலையின் கோணத்தில் தோன்றாது. மஞ்சட்காமாலைக்கு மரபு மருத்துவத்தில் பயன்படும் கீழாநெல்லி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பக்கக் கிளை பார்வைக்குப் புளிய இலை போன்ற கூட்டிலையாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சிறு இலையின் கோணத்திலும் பூவும் காயும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. எனவே அவை சிற்றிலைகள் அல்ல, தனி இலைகள். அவற்றைத் தாங்குவது இலையச்சு அல்ல, கிளை.

இவ்வேறுபாடு நடைமுறை முதன்மை உடையது. கீழாநெல்லியுடன் அதன் உறவினங்களும் மூலிகை வணிகத்தில் கலந்து வருவது அறியப்பட்டுள்ளது. கீழாநெல்லியில் முதன்மைத் தண்டில் முழு இலைகள் இல்லை. இலைகள் பக்கக் கிளைகளில் இரு வரிசையாக அமைகின்றன. காய் வழவழப்பானது, சிறு காம்புடையது. சிவப்புக் கீழாநெல்லியின் காய் சொரசொரப்பானது, ஏறத்தாழக் காம்பற்றது. மேலாநெல்லியில் முதன்மைத் தண்டிலும் இலைகள் உள்ளன. அவை அடியில் குறுகி நுனியில் அகன்றவை. இலின்னேயசு மேலாநெல்லிக்கு இட்ட மதராசுபடென்சிசு என்னும் இனப்பெயர் சென்னையின் பழைய பெயரான மதராசப்பட்டினத்தைக் குறிப்பதாகும்.

முள்

வழக்கில் முள் என ஒரே சொல்லால் குறிப்பவை தோற்றத்தால் மூவகைப்படும்.

* தண்டு மாறியமைந்த முள் – களா, எலுமிச்சை
* இலை அல்லது இலையடிச் செதில் மாறியமைந்த முள் – சப்பாத்திக்கள்ளி, இலந்தை, கருவேலம்
* புறத்தோலை ஒட்டி வளரும் முள் – ரோஜா, இலவு

மூன்றாவது வகை கணுவிற்குக் கட்டுப்படாமல் தண்டின் எப்பகுதியிலும் தோன்றும்.

மஞ்சரியும் பூவும்

பூக்கள் தொகுதியாக அமைந்த அச்சு மஞ்சரி ஆகும். நாயுருவியில் காம்பற்ற பூக்கள் நீண்ட அச்சில் அமைவது கதிர் மஞ்சரி. வெட்டுக்காயப் பூண்டிலும் சூரியகாந்தியிலும் ஒரு பூவாகத் தோன்றுவது பல சிறு பூக்கள் நெருங்கிய தலை மஞ்சரி. அத்தியிலும் ஆலிலும் பூக்கள் குடம் போன்ற மஞ்சரியின் உட்புறத்தில் மறைந்துள்ளன.

முழுமையான பூவில் வெளியிலிருந்து உள்நோக்கிப் புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என நான்கு வட்டங்கள் அமையும். சூலகம் சூற்பை, சூல்தண்டு, சூல்முடி என மூன்று பகுதிகளை உடையது.

கனி

ஒரு பூவிலுள்ள இணையாத பல சூலக இலைகளிலிருந்து உருவாவது திரள்கனி (சீத்தா). ஒரு மஞ்சரியின் பல பூக்கள் இணைந்து உருவாவது கூட்டுக்கனி (பலா, நுணா). சூற்பை அல்லாத பகுதி பருத்துக் கனியாவது பொய்க்கனி. முந்திரியில் பழம் எனப்படுவது பருத்த பூக்காம்பு ஆகும். அதன் நுனியிலுள்ள கொட்டையே உண்மைக்கனி.

தமிழகமும் இலங்கையும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடநூல்கள் தனித்தனியே உருவானமையால் சில கலைச்சொற்கள் வேறுபடுகின்றன. தமிழக வழக்கு முதலிலும் இலங்கை வழக்கு அடுத்தும் தரப்படுகின்றன.

* மஞ்சரி – பூந்துணர்
* மகரந்தத்தாள் – கேசரம்
* சூல்முடி – குறி
* சூல்தண்டு – தம்பம்
* சூற்பை – சூலகம்

இவற்றுள் இறுதிச் சொல் கவனத்திற்கு உரியது. சூலகம் என்பது தமிழகத்தில் பெண் உறுப்பு முழுவதையும், இலங்கையில் சூல்களைக் கொண்ட அடிப்பகுதியை மட்டும் குறிக்கும். இரு நாட்டு நூல்களையும் ஒருங்கே பயன்படுத்துவோர் எந்த வழக்கு என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பயன்பாடு

இனங்காணும் திறவுகோல்களில் ஒவ்வொரு படியிலும் இரு கூற்றுகள் தரப்படும். அவற்றுள் பொருந்துவதைத் தேர்ந்து அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இலை தனியா கூட்டா, அடுக்கம் மாற்றா எதிரா என்னும் முதற்படிகளிலேயே பிழை நேரின், பின்வரும் படிகள் அனைத்தும் வேறு தாவரத்திற்கு இட்டுச் செல்லும். ஆகவே களத்தில் ஒரு தாவரத்தைக் காண்போர் முதலில் கோணமொட்டின் இடத்தைக் கண்டு இலையின் எல்லையை உறுதி செய்தபின் வடிவத்தை விவரிப்பது முறையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* இலை
* மஞ்சரி
* கீழாநெல்லி
* மரபியல் (தொல்காப்பியம்)