கொழுக்கட்டையும் கடுபும்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஜவளகிரிப் பகுதியில், நாம் கொழுக்கட்டை என்பதைக் கன்னட அயலார் கடுபு என்பர். பெயர் இரண்டாயினும், மாவுக்குள் பூரணம் பொதிந்து ஆவியில் அவிக்கும் கலை ஒன்றே. மோதகம் எனும் பெயரில் இத்தகு பண்டம் அங்காடியில் விற்கப்பட்டதைச் சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி காட்டுகிறது.

அரிசிமாவில் கோதுமைக்குரிய பசைப்புரதம் இல்லை. கொதிநீர் விட்டுக் கிளறினால்தான் மாவுச்சத்து பசையாகி, செப்பு விரிசலின்றி அமையும். போலந்து நாட்டாரும் பொதிந்து உண்பவரே. அவர்தம் பியரோகி கோதுமைமாவினுள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கொதிநீரில் வேகவைப்பது.

மாவின் பதத்தை நம் அன்னையர் ஏட்டில் கற்றாரல்லர், கைப்பழக்கத்தால் அறிந்தனர். எழுதப்படாத அவ்வறிவு அவர்களோடு மறைதலாகாது. மாணவச் செல்வங்களே, விடுமுறையில் வீட்டு மூத்தோரிடம் கேட்டு, இருமொழிப் பெயர்களோடும் எழுதி வையுங்கள்!