பக்கவாதத்துக்குப் பின் வீட்டில் இருவர்



பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில் "கை கால் விழுந்துவிட்டது" என்பார்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வரும் பக்கவாதம் அது. ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்சும் அருகில் இருக்கிறார்கள். வீடு திரும்பிய பிறகே கணவன் மனைவிக்குச் சோதனை தொடங்குகிறது.

முதலில் மாறுவது வேலை. கடலுக்குப் போனவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். மனைவி அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பிறகே மீன் கூடையைத் தூக்க வேண்டும். மனைவி விழுந்தாலோ, அடுப்படிப் பக்கம் போகாத கணவர் உலை வைக்கப் பழக வேண்டும்.

அடுத்தது பேச்சு. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலது கை காலோடு பேச்சும் தடைபடலாம். பேச முடியாத பலருக்கு நாம் சொல்வது புரியும். ஆகவே சிறு வாக்கியங்களில் நிதானமாகப் பேசி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். காரணமின்றி அழுவதும் எரிந்துவிழுவதும் பெரும்பாலும் நோயின் விளைவே. துணைவர்மேல் வெறுப்பு அல்ல. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது; அதற்கு மருந்து உண்டு.

வீடு சந்திக்கையில் நாங்கள் சொல்லும் சில காரியங்கள்:

தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு கெடும். சட்டையை அந்தக் கையில் முதலில் மாட்டுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்தே உணவு கொடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாம்பத்திய உறவைப் பற்றிய பயத்தையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். உடல் தேறியபின் பெரும்பாலோர்க்குத் தடையில்லை.

இன்னொரு பாரமும் உண்டு. "நன்றாகப் பார்த்திருந்தால் எழுந்து நடந்திருப்பார்" என்று உறவினர் மனைவியைக் குறை சொல்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியனும் அவருடைய குழுவினரும் இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு மட்டும் பயிற்சி முறைகள் கற்றுக்கொடுக்கப்பட்டன. 2017-ல் முடிவு வெளியானது: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதமே. படுக்கைப்புண் வராமல் காக்க, வயிறாரச் சாப்பிட வைக்க, துணைவரின் கை நிச்சயம் தேவை. ஆனால் கால் எழும்பாததற்கு அந்த அன்பின் குறைவு காரணமல்ல. மூளையில் ஏற்பட்ட சேதத்தின் அளவு அதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஆகையால் உங்கள் சபையில் இப்படி ஒரு வீடு இருந்தால் புத்தி சொல்லப் போகாதீர்கள். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் நோயாளியோடு உட்காருங்கள். அந்த நேரத்தில் மனைவி சந்தைக்குப் போய்வரட்டும், அல்லது சற்றுத் தூங்கட்டும். நீங்கள் அனுப்பும் காணிக்கையைப்போலவே அதுவும் பெரிய உதவி. இருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள், படுத்திருப்பவருக்கு மட்டுமல்ல.