அப்பன் மதுரைக்காரன், பிள்ளை அயலானா?

மதுரை ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்பது மங்கம்மாள் சத்திரம். எந்த ஊர், என்ன ஜாதி என்று கேளாமல் வழிப்போக்கனுக்குத் திண்ணை கொடுத்த மரபு இந்த ஊரின் மரபு. 2025 மே மாதம் டில்லி சுப்ரீம் கோர்ட்டிலே ஓர் இலங்கைத் தமிழரின் மனு விசாரணைக்கு வந்தது. மனைவியும் பிள்ளையும் இங்கே இருக்கிறார்கள், என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்றார் அவர். இந்தியா தர்மசாலை அல்ல என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவர் தண்டனை பெற்ற வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் நுழையவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பத்திரிகையில் படித்த அன்று, சத்திரத்து வாசலைத் தாண்டி நடந்தபோது, நெஞ்சிலே ஏதோ குத்தியது உண்மை.

குத்தியதற்குக் காரணம் உண்டு. மேலூர் பக்கம் திருவாதவூர், நகரின் ஓரத்திலே ஆனையூர், திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி. இந்த ஊர்களிலே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதைத் தோழர்கள் அறிவார்கள். முகாம் ஆட்கள் நம்மோடு சாரத்தில் ஏறிப் பெயிண்ட் அடிக்கிறார்கள், சித்தாள் வேலை செய்கிறார்கள், ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காருகிறார்கள். 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். திரும்பியவர் போக, நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தால் என்ன நடக்கும்? கல்யாணம் நடக்கும்!

செல்லூரிலே தறி ஓட்டும் தொழிலாளி ஒருவன், 1990-இல் கைக்குழந்தையாகப் படகில் வந்த முகாம் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். பேசும் மொழி ஒன்று. சாப்பாடும் ஏறக்குறைய ஒன்று. சம்பலும் புட்டும் கூடுதல், அவ்வளவுதான். தாலி கட்டியாயிற்று. பதிவும் செய்தாயிற்று. அந்தப் பெண் யார்? சட்டத்தைக் கேட்போம்.

1955-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம், ஐந்தாவது பிரிவு. இந்தியப் பிரஜையை மணந்த பெண் பதிவு செய்துகொண்டு பிரஜையாகலாம் என்றது அன்றைய சட்டம். பெண் என்றுதான் இருந்தது. நம் ஊர்ப் பெண் அயல்நாட்டு ஆணை மணந்தால் அவனுக்கு அந்த வழி இல்லை! 1986-இல் திருத்தினார்கள். ஆணோ பெண்ணோ, மணந்தவர் ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஏழாண்டாக்கியது. மனுப் போடுமுன் பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டாண்டில் ஆறாண்டு இருந்திருக்க வேண்டும்.

ஏழாண்டுதானே, அந்தப் பெண் முப்பத்தைந்து ஆண்டாக இங்கேதானே இருக்கிறாள் என்பீர்கள். அங்கேதான் கண்ணி! சட்டவிரோதமாகக் குடிவந்தவர் இந்தப் பிரிவில் மனுவே போட முடியாது என்கிறது சட்டம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தவர் எல்லாரும் அந்தக் கணக்கிலே சேர்த்தி. குண்டு விழுகிறது, வீடு எரிகிறது, தலைமன்னாரிலே படகு புறப்படுகிறது. அந்த நேரத்தில் கைக்குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுத்தாயா என்று கேட்கும் சட்டம் இது. ஏழாண்டல்ல, எழுபதாண்டு வாழ்ந்தாலும் இந்தக் கதவு திறக்காது.

இது அவளோடு நின்றாலும் பொறுக்கலாம். பிள்ளையைப் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயிருந்தாலும், பிறப்பாலேயே பிரஜை. வெளிநாட்டுத் தூதர் பிள்ளை போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அன்று முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர், தாய் தந்தையரில் ஒருவர் பிரஜையாக இருந்தால் பிரஜை. அதற்குப் பின் பிறந்தவருக்கோ, இருவரும் பிரஜையாக இருக்க வேண்டும். ஒருவர்தான் பிரஜை என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

ஆக, இப்படி ஒரு தாய்க்கும் மதுரைக்காரத் தகப்பனுக்கும் 2003-இல் பிறந்த மூத்தவன் இந்தியன். 2006-இல் பிறந்த இளையவள் இந்தியள் அல்லள்! ஒரே வயிறு, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பள்ளிக்கூடம். அண்ணன் ஓட்டுச் சாவடிக்குப் போகிறான், தங்கை வாசலில் நிற்கிறாள். நாளை அவளுக்கு பாஸ்போர்ட் உண்டா? சர்க்கார் உத்தியோகப் பரீட்சை எழுத முடியுமா? தகப்பனின் ரத்தம் சட்டத்துக்குத் தெரியவில்லையா?

பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறார்கள். இருக்கட்டும். முகாமில் இருப்பவரைவிடச் சர்க்காருக்கு நன்றாகத் தெரிந்த ஆள் யார்? பெயர், குடும்பம், வந்த தேதி, இறங்கிய கரை, வாங்கிய உதவித்தொகை எல்லாம் பட்டியலில் இருக்கிறது. கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். நமக்கெல்லாம் இவ்வளவு தஸ்தாவேஜு கிடையாது!

விமானத்தில் வந்த மருமகளின் கதை வேறு. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ படித்த பிள்ளை அங்கே ஒரு பெண்ணை மணந்து அழைத்து வருகிறான். பாஸ்போர்ட் இருக்கிறது, விசா இருக்கிறது, அயல்நாட்டார் பதிவு அலுவலகத்திலே பதிவும் ஆகிறது. கல்யாணம் பதிவாகி இரண்டாண்டு நிலைத்திருந்தால் கடல் கடந்த இந்தியக் குடியுரிமை அட்டைக்கு மனுப் போடலாம். அட்டை வந்தால் ஆயுள் முழுதும் வந்து போகலாம். ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது என்பது போன்ற சில குறைகள் உண்டு. அந்தப் பெண்ணின் மேல் நமக்கு வருத்தமில்லை, நன்றாக இருக்கட்டும். இவளுக்கு இரண்டாண்டு, அவளுக்கு எந்நாளும் இல்லை என்பதைத்தான் கேட்கிறோம்.

இந்த நியாயம் நம் நாட்டோடு நிற்கவில்லை. சிங்கப்பூருக்கு வேலை பர்மிட்டில் போகும் நம் மேலூர், சிவகங்கைப் பையன்கள் அந்நாட்டுப் பிரஜையையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால், தொழிலாளர் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். பர்மிட் முடிந்த பிறகும் வேண்டும்! பிரிட்டனிலே கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள ஆண்டு வருமானம் இவ்வளவு என்று கணக்கு வைத்து, 2024 ஏப்ரலில் அதை 18,600 பவுனிலிருந்து 29,000 ஆக்கினார்கள். தாய்லாந்துப் பெண்ணை மணந்த அயல்நாட்டான், அங்கே தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் நீட்டிக்க, 4 லட்சம் பாட் பாங்கிலோ மாதம் 40,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். கூலிக்காரனின் கல்யாணத்துக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்!

2019-இல் பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தார்கள். இலங்கை விடுபட்டது. முஸ்லிமும் விடுபட்டான். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டத்தை ஒட்டி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. நல்லது, வரவேற்போம். ஜெயில் பயம் போயிற்று. ஆனால் மூன்று நாட்டாருக்குத் திறந்த பிரஜா உரிமைக் கதவு அதனால் திறந்துவிடவில்லை.

கையில் இருக்கும் ஆயுதத்தையும் சொல்ல வேண்டும். ஒத்தக்கடைப் பக்கம் நிற்கும் ஐகோர்ட்டு மதுரைக் கிளை 2004-இல்தான் வந்தது, அந்தப் பொல்லாத திருத்தம் அமலுக்கு வந்த அதே ஆண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், நான் பிறப்பாலேயே பிரஜை என்று இங்கே வழக்காடினார். 2022-இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவாயிற்று. 2024 பார்லிமெண்ட் தேர்தலிலே அவர் ஓட்டும் போட்டார். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு காகிதம், பிறப்புச் சான்றிதழ்!

ஆகவே வார்டுத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் இப்படிப்பட்ட குடும்பம் இருந்தால், தாயார் எங்கே எந்தத் தேதியில் பிறந்தார் என்று முதலில் கேளுங்கள். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்றால் அவரே பிரஜை, பிள்ளைகளுக்கும் வழக்குத் தீர்ந்தது. அதற்குப் பின் முகாமில் பிறந்தவர் என்றால் வக்கீலிடம் ஒரு கேள்வியை வையுங்கள். நுழைந்தவரைத்தான் சட்டம் குடியேறி என்கிறது. இங்கேயே பிறந்தவர் எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தார்? பிறப்புப் பதிவு இல்லை என்றால் முனிசிபாலிட்டி, பஞ்சாயத்துப் பதிவேடு, ஆஸ்பத்திரிக் குறிப்பு, முகாம் பதிவேடு எல்லாவற்றையும் தேடுங்கள். கல்யாணம் பதிவாகாமல் இருந்தால் இந்த மாதமே சார்பதிவாளர் ஆபீசுக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் கொஞ்சம், அலைச்சல்தான் அதிகம்.