கயிற்றில் எட்டாவது ஆள்

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் மட்டக்களப்புக் கரையோரத்தில் கரைவலைக் காலம் தொடங்கிவிடும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக வளைத்து, மறுமுனையோடு சற்றுத் தள்ளிக் கரை சேரும். பிறகு இரண்டு கயிறுகளையும் இரண்டு அணிகள் இழுக்கும். ஓரணி முந்தினால் வலை கோணும். வலையின் மடிக்குள் வரவேண்டிய நெத்தலியும் சூடையும் தப்பிவிடும். கூட்டு வேலை எங்கே கூடிவருகிறது, எங்கே கெடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஆய்வுகூடம் இல்லை.

கூட்டு வேலை பற்றிய ஆய்வே கயிறு இழுப்பில்தான் தொடங்கியது. பிரான்சின் வேளாண் பொறியியலாளர் மக்சிமிலியன் ரிங்கெல்மான் 1880களில் ஆட்களைத் தனியாகவும் சேர்த்தும் இழுக்கவைத்து விசையை அளந்தார்; 1913இல் முடிவுகளை வெளியிட்டார். தனியாள் இழுப்பை 100 என்று கொண்டால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93, மூவரில் 85, எட்டுப் பேரில் 49. எட்டுப் பேர் சேர்ந்து நான்கு பேரின் வேலையைத்தான் செய்தார்கள்.

சோம்பல் என்று உடனே பழி சொல்லிவிடுவோம். ரிங்கெல்மான் அப்படிச் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காததே முக்கிய காரணம் என்று கருதினார். 1974இல் அலன் இங்காமும் சகாக்களும் இரண்டையும் பிரித்துப் பார்த்தனர். கண்ணைக் கட்டி ஒருவரை முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். தனியாகவே இழுத்த அந்த ஆள், துணை இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே விசையைக் குறைத்தார். ஆக, தாளம் தவறுவதும் உண்டு, மனம் தளர்வதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு.

தாளத்துக்கு மருந்து நம் கரையில் பழையது: அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடும்போது, எல்லா உடல்களும் ஒரே கணத்தில் பின்னால் சாய்கின்றன. அதன் பயன் விசையோடு நிற்காது என்று நினைக்க இடமிருக்கிறது. 2009இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் படகு வலிக்கும் மாணவர்களைப் பரிசோதித்தார்கள். தனியே வலித்தபோதைவிட அணியாக ஒத்து வலித்த பிறகு அவர்கள் அதிக வலியைத் தாங்கினார்கள். உடலில் எண்டோர்பின் கூடுதலாகச் சுரந்ததன் அறிகுறி அது என்பது அவர்கள் விளக்கம்.

மனத் தளர்ச்சியைப் பாட்டு தீர்க்காது. அமெரிக்காவில் பிப் லதானேயும் சகாக்களும் 1979இல் மாணவர்களைக் கூட்டாகக் கைதட்டவும் கத்தவும் செய்தபோதும் ஒவ்வொருவரின் சத்தமும் குறைந்தது. ஆனால் ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தத் தளர்ச்சி மறைந்ததை 1981இல் காட்டினார்கள். பாடசாலைக் குழுவேலையில் ஐந்து பெயர் இருக்கும், எழுதியது ஒரு கையாக இருக்கும். அந்த ஒருவரின் கசப்பு ஆயுளுக்கும் போகாது. கரைவலையில் யார் சாய்கிறார், யார் கயிற்றைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். பங்கும் அன்றன்றைய பிடிபாட்டிலிருந்தே வருகிறது. வலை முதலாளிக்குப் போகும் பங்கும் முற்பணக் கடனும் இழுப்பவரை அழுத்துவதும் உண்டு. அதை மறைத்து இந்த முறையைப் புகழ எனக்கு மனமில்லை.

நல்ல அணிகள் பல சேர்ந்தும் கரை கெட்டுப்போகலாம். தென்னிலங்கையின் மாவெல்லவில் மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் ஆராய்ந்த கரைவலைத் தொழிலை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளிவந்த தன் நூலில் எடுத்துக்காட்டினார். அங்கே ஒரு வலைக்கு எட்டுப் பேர் வேண்டும். எந்த வலை எப்போது இறங்குவது என்ற முறை நேர்த்தியாக இருந்தது. ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு நிலைக்கவில்லை. சட்டம் இருந்தும் செல்வாக்குள்ளவர்கள் அதை நடக்க விடவில்லை. வலைகள் பெருக, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த தடவைகள் சுருங்கின.

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தில் இன்னும் பெரிய அணி தேவைப்படுகிறது. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. மழை குறைந்த காலத்தில் மணல் முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ளும். பெருமழையில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது அந்த மணலை உடனே வெட்டச் சொல்கிறார் விவசாயி; மீனும் இறாலும் நீரோடு போய்விடும் என்று அஞ்சுகிறார் வாவி மீனவர். வெட்டும் நாளைக் குறிக்கும் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் நீருக்குள் கிடக்கிறது, எத்தனை தோணிகளின் பிடிபாடு குறையும் என்ற இரண்டு கணக்கும் எழுத்தில் மேசைக்கு வரவேண்டும். தன் இழப்பு கணக்கில் ஏறியதைக் கண்ட மீனவர்தான் அடுத்த மழைக்கும் அந்தக் கூட்டத்துக்கு வருவார்.