மன்றத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?



'இளைஞர் மையம்' என்ற சொல்லைத் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் நாம் அடிக்கடி பார்க்கிறோம். பையன்கள் கெட்டுப்போகாமல் இருக்க அவர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பது என்பதே பெரும்பாலும் அங்கே அதன் பொருள். நம் தெருக்களில் அதற்கு மன்றம், படிப்பகம், இரவுப் பாடசாலை என்று பெயர். பொருளும் வேறு.

ஊரின் பொது இடங்கள் எவை? கோயில் வாசல், மந்தை, டீக்கடை பெஞ்சு, நூலகம். நம் பிள்ளை தயங்காமல் போய் உட்காரக்கூடியவை இவற்றில் எத்தனை? 1948-இலேயே, சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சட்டம் எல்லாருக்கும் பொது. ஆனால் பல கிராமங்களில் கிளை நூலகம் ஊர்த்தெருவில்தான் இருக்கிறது. காலனியிலிருந்து அங்கே போய்வர எந்தத் தெருவழியாக நடக்க வேண்டும் என்பதைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே காலனியில் ஓடு வேய்ந்த ஓர் அறையில் இரண்டு செய்தித்தாளும் ஒரு கேரம் போர்டும் இருந்தால், வீட்டுக்கும் கூலி வேலைக்கும் வெளியே ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் பொது இடம் அதுவாகிறது.

இதை நம் முன்னோடிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இராயப்பேட்டையில் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கம், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் வரை கிளைவிட்டது. சுரங்கத்தில் உழைத்த நம் மக்களுக்கு, கூடிக் கேட்கவும் கேள்வி கேட்கவும் ஓர் இடம் கிடைத்தது. அம்பேத்கர் 1924-இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி, பம்பாயில் இலவசப் படிப்பகம். இவற்றை எல்லாரும் சொல்கிறோம். அந்தச் சபை ஒரு ஹாக்கிக் குழுவையும் நடத்தியதை அதிகம் சொல்வதில்லை. இலண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பியவருக்கு ஹாக்கி மட்டை எதற்கு? மில் தொழிலாளர் குடியிருப்பின் இளைஞனைச் சூதாட்டமும் குடியும் அழைத்துக்கொண்டிருந்தன. வெறும் அறிவுரை சொல்லி அவனை அங்கிருந்து பெயர்க்க முடியாது, கூட்டாளிகளும் களமும் தர வேண்டும் என்று அந்த அமைப்புக்குப் புரிந்திருந்தது. மன்றத்தில் கேரம் ஆடுவதை வெட்டிப் பொழுது என்று முகம் சுளிக்கும் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. 2008-இல் பிரான்சில் நடந்த உலகக் கேரம் போட்டியில் வென்ற இளவழகி, வியாசர்பாடியிலிருந்து போனவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

ஆனால் பதக்கம் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு மன்றம் என்ன தருகிறது? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி. வசதியுள்ள சாதி வீட்டில் இதையெல்லாம் சொல்ல ஒரு மாமா தாலுகா ஆபீசிலோ கல்லூரியிலோ இருப்பார். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலுக்குப் போவதே அந்தப் பிள்ளைதான். ஒரு தேதி தவறினால் ஓர் ஆண்டு போகும். ஓர் ஆண்டு போனால் திருப்பூருக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள். அந்த மாமாவின் வேலையை இங்கே செய்வது மன்றத்து அண்ணன். பியர் பூர்தியு 'சமூக மூலதனம்' என்று விரித்து எழுதியதைத் திண்ணையில் 'அண்ணனைக் கேளு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இதைவிட ஆழமாக வேலை செய்வது ஒன்று உண்டு: பொறுப்பு. ஏப்ரல் 14 விழாவுக்கு வசூல் நோட்டு ஒருவரிடம் தரப்படுகிறது. ரசீது கிழிக்க வேண்டும், மைக் செட்டுக்கு முன்பணம் தர வேண்டும், விழா முடிந்த மறுநாள் எல்லார் முன்னாலும் கணக்கு வாசிக்க வேண்டும். பத்து ரூபாய் இடித்தாலும் கேள்வி வரும். அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்கு மனு கொண்டுபோக வேண்டும். நம் தெருப் பையன் பொதுவாக அந்தப் படியேறுவது வழக்குக்காக இழுத்துச் செல்லப்படும்போதுதான். மனுதாரராக அங்கே நின்று, நகலில் முத்திரை கேட்டு வாங்கித் திரும்பும் பத்தொன்பது வயதுக்காரர், அதன்பின் எந்த அலுவலகத்திலும் குனிந்து நிற்க யோசிப்பார். வகுப்பறையில் குடிமையியல் பாடமாகப் படித்தது இங்கேதான் உடம்பில் ஏறுகிறது.

அதனால்தான் நாம் கட்டடத்தைப் பார்த்து மயங்குவதில்லை. தொகுதி நிதியில் கட்டிய எத்தனையோ கூடங்கள் பூட்டியே கிடக்கின்றன, தேர்தலுக்குத்தான் திறக்கிறார்கள். திட்டப் பணம் நின்றதும் நாற்காலிகளோடு காணாமல்போன மையங்களையும் பார்த்திருக்கிறோம். சாவி தலைவர் வீட்டு ஆணியில் தொங்கும்வரை அது அவருடைய அறைதான்.

இந்த இடத்தில் நம்மை நோக்கியே ஒரு கேள்வி இருக்கிறது. இதுவரை 'பையன்', 'அண்ணன்' என்றுதான் சொல்லிவந்தோம். மன்றங்களின் நிலையும் அதுதான். பரிசு வாங்கும் நாளில் மட்டும் பெண்பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். மாலையில் அவர்களுக்கு வீட்டுவேலை காத்திருக்கிறது, திண்ணையில் ஆண்கள் கூட்டம், தெருவிளக்கு எரியாது. சாதி மறுத்த பொது இடம் என்று நாம் கொண்டாடும் அறை, நம் வீட்டுப் பெண்ணுக்கு இன்னொரு ஊர்த்தெருவாக இருக்கிறது. இதைப் பண்பாடு என்று சமாதானம் சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நாங்கள் அறிந்த ஒரு படிப்பகத்தில், மாலை ஐந்து முதல் ஏழு வரை பொறுப்பை இரண்டு கல்லூரி மாணவிகளிடம் கொடுத்தார்கள், சாவியோடும் வரவு செலவு நோட்டோடும். முதல் மாதக் கணக்கில் அவர்கள் எழுதிய செலவு: வாசலுக்கு ஒரு விளக்கு, கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள்.