ரூ.3,500 கோட்டின் இருபுறமும்: தில்லி வாடகைச் சட்டம் யாரைக் காக்கிறது?

புதுதில்லி: தலைநகரில் வாடகைதாரர்கள் இரு வகையினர். சட்டம் அரவணைத்துக் காக்கும் வாடகைதாரர்கள் ஒரு வகை. அந்தச் சட்டத்தின் நிழலே படாதவர்கள் மறு வகை. இவர்களைப் பிரிப்பது வறுமையோ வசதியோ அல்ல. மாத வாடகை ரூ.3,500 என்ற ஒரே எண்தான்.

கன்னாட் பிளேஸ், சாந்தினி சௌக், சதர் பஜார் ஆகிய வணிகப் பகுதிகளில் சில நூறு ரூபாய் வாடகையில் தலைமுறைகளாக நடைபெறும் கடைகள் உண்டு. ராஜேந்திர நகரிலும் முகர்ஜி நகரிலும் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களோ ஒரு சிறிய அறைக்கே பல ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். தமிழகத்திலிருந்து வந்து தங்கியிருப்போரும் இவர்களில் அடக்கம். 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடைக்காரரைக் காக்கிறது; மாணவரைக் காக்கவில்லை.

பிரிவினையின் பிள்ளை

1947-இல் தேசப் பிரிவினையை அடுத்து லட்சக்கணக்கான அகதிகள் தில்லியில் குவிந்தனர். வீட்டுப் பற்றாக்குறையைப் பயன்படுத்தி உரிமையாளர்கள் வாடகையை உயர்த்துவதையும், நினைத்தபோது வெளியேற்றுவதையும் தடுக்க அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. அந்த வரிசையில் வந்ததே 1958 சட்டம்.

இதன் 14-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட காரணங்கள் இருந்தாலொழிய வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. கோரிக்கை அறிவிப்பு கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் வாடகை பாக்கியைச் செலுத்தாமை, எழுத்துபூர்வ ஒப்புதலின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. வாடகை பெற்றதற்கு ரசீது தருவதும், கட்டடத்தைப் பழுது பார்ப்பதும் உரிமையாளரின் கடமை. குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தக்க காரணமின்றித் துண்டிப்பது குற்றம். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், அதை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் செலுத்திவிடலாம்.

1985-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, வணிக இடத்தின் வாடகை உரிமை வாரிசுகளுக்கும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தந்தையின் கடை மகனுக்கும், பாட்டனின் வாடகை பேரனுக்கும் போய்ச் சேர வழி பிறந்தது.

உயராத கோடு

1988-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. மாத வாடகை ரூ.3,500-க்கு மேற்பட்ட இடங்கள் சட்டத்தின் வரம்பிலிருந்து நீக்கப்பட்டன. வசதி படைத்தோருக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்பதே இதன் அடிப்படை. அன்றைய நிலையில் அது பெருந்தொகை. விலைவாசி பல மடங்கு உயர்ந்த பிறகும் அந்த வரம்பு உயர்த்தப்படவில்லை. எனவே, புதிதாக வாடகைக்கு வருவோரில் ஏழைகளும் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டனர்.

கோட்டுக்குள் இருக்கும் இடங்களின் உரிமையாளர்களுக்கோ வேறு துயரம். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை 10 சதவீதம் வாடகையை உயர்த்த அதே திருத்தம் அனுமதித்தது. 1988-இல் ரூ.100 ஆக இருந்த வாடகை, ஒருமுறையும் தவறாமல் உயர்த்தப்பட்டிருந்தாலும் 2024-இல் சுமார் ரூ.314-ஐத்தான் எட்டியிருக்கும். இந்தத் தொகையில் கட்டடத்தைப் பராமரிக்க எவரும் முன்வரமாட்டார்கள். பழைய தில்லியின் கட்டடங்கள் சிதிலமடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறந்தும் பிறவாத சட்டம்

இரு தரப்புக்கும் பொதுவான தீர்வாக 1995-இல் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால், நடைமுறைக்கு வரும் தேதியை அறிவிக்கும் பொறுப்பு மத்திய அரசிடம் விடப்பட்டிருந்தது. வணிகர்கள் கொதித்தெழவே அந்தத் தேதி அறிவிக்கப்படவில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு அரசுக்கு ஆணையிட 2003-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அதை ரத்து செய்யும் மசோதா 2013-இல் மாநிலங்களவையில் அறிமுகமானது. வாக்கு வங்கிக்கு முன் நாடாளுமன்றத்தின் முடிவே செயலிழந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டமன்றங்கள் தயங்கிய இடத்தில் நீதிமன்றம் முன்வந்தது. சொந்தத் தேவைக்காகக் காலி செய்யக் கோரும் உரிமை குடியிருப்புகளுக்கு மட்டுமே என்ற பாகுபாட்டை 2008-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. கடை உரிமையாளர்களும் அதன் பயனைப் பெற்றனர். ஆயினும், இவ்வாறு மீட்ட இடத்தை அதிகாரியின் அனுமதியின்றி மூன்றாண்டுகளுக்குப் பிறருக்கு வாடகைக்கு விட முடியாது என்ற தடை, பொய்க் காரணங்களுக்குக் கடிவாளமாக உள்ளது.

கோட்டுக்கு வெளியே

ரூ.3,500-க்கு மேல் வாடகை தருவோருக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே கதி. மாத வாடகைதாரரின் உரிமையை 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் 11 மாத ஒப்பந்தமே எங்கும் வழக்கமாகிவிட்டது. எனினும் அறிவிப்புக் காலம் முடிந்தாலும் உரிமையாளர் தாமாகவே பூட்டை மாற்றவோ, பொருள்களை வெளியே வீசவோ முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தை அணுகியாக வேண்டும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து இடத்தை மீண்டும் பெற, 1963-ஆம் ஆண்டின் தனிக்குறை தீர்ப்புச் சட்டம் வழி செய்கிறது. பலருக்கும் இது தெரிவதில்லை.

மாதிரிச் சட்டம் தீர்வாகுமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. திரும்பக் கிடைக்காதோ என்ற அச்சமே இதற்கு முக்கியக் காரணம் எனக் கருதிய மத்திய அரசு, 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மிகக்கூடாது. காலக்கெடு முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும், பின்னர் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும் என்கிறது அது. தமிழகம் இதற்கு முன்பே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிட்டு, 2017-இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019-இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

மாதிரிச் சட்டம் தானாக எங்கும் அமலாகாது. மாநிலங்கள் ஏற்றாக வேண்டும். மேலும், அது புதிய ஒப்பந்தங்களுக்கே பொருந்தும். பழைய வாடகைகளைத் தொடாது. அறையெடுத்துத் தங்கும் மாணவருக்கு அது ஓரளவு கேடயமாகலாம். சாந்தினி சௌக் கட்டட உரிமையாளருக்கோ அதில் விடையில்லை. 1995-இல் வணிகர்களுக்கு அஞ்சி ஒத்திவைத்த அந்தக் கேள்வியை அரசியல் கட்சிகள் என்றேனும் ஒருநாள் எதிர்கொண்டே தீரவேண்டும்.